ஒரே மேசையில் இரண்டு மத்ஹபுகள்



பாங்காக் நகரில் சாவ் பிரயா ஆற்றின் போக்கையொட்டிச் செல்லும் பழம்பெரும் சாலை ஒன்று உண்டு. 1860களில் மன்னர் மோங்குட்டின் ஆட்சியில் போடப்பட்ட அச்சாலையின் பெயர் சரோன் குருங். அதன் 36ஆம் சந்துக்குள் நுழைந்தால், பழைய சுங்க மாளிகைக்கு அருகே ஹாரூன் பள்ளிவாசலைக் காணலாம். சென்ற ஆண்டு விடுமுறையில் நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்றுத் தாய்லாந்து சென்றிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை இஷாத் தொழுகையை அங்கு நிறைவேற்றும் பேறு கிட்டியது. தொழுதுவிட்டு வெளியே வந்தால் வாசலில் தமிழ் ஒலிக்கிறது! அருகிலுள்ள சீலோம் வட்டாரத்தில் மாணிக்கமும் நீலக்கல்லும் வாங்கி விற்கும் காயல்பட்டினத்து அன்பர்களே அவர்கள்.

அன்றிரவு அவர்கள் எனக்கு விருந்தளிக்க எண்ணியிருந்தார்கள். நாங்கள் மொத்தம் ஒன்பது பேர். "ஹஜ்ரத், வீட்டுச் சாப்பாடு ஊரிலேயே கிடைக்கும். இன்று இந்த நாட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள்" என்று கூறி, சற்றுத் தொலைவில் தாய் முஸ்லிம் பெருமாட்டி ஒருவர் நடத்தும் உணவகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். சுவரில் இஸ்லாமிய மத்தியக் குழுவின் ஹலால் சான்றிதழ் தொங்கியது. உள்ளே தலையை முக்காட்டால் மறைத்த பெண்கள் அடுப்படியில் நின்றார்கள்.

புத்த சமயத்தார் பெரும்பான்மையாக வாழும் இந்நாட்டில் முஸ்லிம்கள் நேற்று வந்து குடியேறியவர்கள் அல்லர். அயுத்தயா தலைநகராக இருந்த 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஈரானின் கும் நகரிலிருந்து வந்த ஷேக் அஹ்மத் என்னும் வணிகர் அரசவையில் உயர்பதவி பெற்றார். முஸ்லிம்களின் தலைவருக்குரிய 'சுலாராச்சமொந்திரி' என்னும் பொறுப்பு அவரிலிருந்தே தொடங்குகிறது. அப்பதவி இன்றளவும் நீடிக்கிறது. தெற்கே பட்டாணி, யாலா, நராத்திவாட் மாகாணங்களில் மலாய் முஸ்லிம்களே பெரும்பான்மையினர். நாட்டின் முஸ்லிம்களுள் மிகப் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர். நம் காயல்பட்டினத்து மக்களும் அவ்வாறே. நானோ ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவன். இவ்வேறுபாடு அன்றிரவு உணவு மேசைவரை என்னைத் தொடர்ந்து வரும் என்று நான் எண்ணவில்லை.

தாய் மக்கள் தனித்தனித் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு, குழம்பும் கறியும் நிறைந்த கிண்ணங்களை மேசையின் நடுவில் வைக்கிறார்கள். ஒவ்வொருவரும் பொதுக் கரண்டியால் சிறிது சிறிதாக எடுத்துச் சோற்றில் இட்டு, இடக்கையிலுள்ள முள்கரண்டியால் வலக்கைக் கரண்டிக்குள் தள்ளி உண்கிறார்கள். "நம் ஊர் சஹன் சாப்பாட்டைப் போலத்தான், ஹஜ்ரத்" என்றார் ஒருவர். காயல்பட்டினத்து விருந்துகளில் ஒரே சஹனைச் சுற்றிச் சிலர் அமர்ந்து கலந்துண்பதை நீங்கள் அறிவீர்கள். சேர்ந்து உண்பதில் பரக்கத் உண்டு என்பதல்லவா நமக்குக் கற்பிக்கப்பட்டது!

முதலில் மஸ்ஸமான் குழம்பு வந்தது. தேங்காய்ப்பாலில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் நிலக்கடலையும் வெந்து, பட்டை, ஏலம், கிராம்பின் மணத்தோடு புளியின் மென்சுவையும் கலந்திருந்தது. 'முஸல்மான்' என்னும் சொல்லே மஸ்ஸமான் எனத் திரிந்தது என்பது பலரின் கருத்து. பின்னாளில் இரண்டாம் இராமா என முடிசூடிய இளவரசர் இயற்றிய கவிதையிலும் இக்குழம்பு இடம்பெற்றிருக்கிறது. அடுத்து மஞ்சள் நிறத்தில் 'காவ் மொக்' வந்தது. நம் பிரியாணியின் உறவுதான். மேலே பொரித்த வெங்காயம், பக்கத்தில் இனிப்பும் புளிப்பும் கலந்த பச்சைச் சட்னி.

மூன்றாவதாக வந்தது, ஆவி பறக்கும் 'தோம் யாம்'. எலுமிச்சைப் புல், பேரரத்தை, நாரத்தையிலையை ஒத்த ஒரு நறுமண இலை, பச்சை மிளகாய் ஆகியன சேர்ந்த புளிப்பு ரசம் அது. அதற்குள் இறாலோடு வெள்ளை வளையங்களாகக் கணவாய்த் துண்டுகள் மிதந்தன.

என் கை நின்றுவிட்டது. கடல்வாழ் உயிரினங்களுள் மீன் மட்டுமே ஆகுமானது என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். இறாலை மீனினத்தில் சேர்த்து அனுமதித்த அறிஞர்கள் உண்டு. கணவாய்க்கு அந்த இடமில்லை. ஷாஃபி மத்ஹபிலோ அது தடையற்ற உணவு. என் தயக்கத்தைக் கண்டதும் மேசையில் பேச்சு அடங்கியது. விருந்துக்கு அழைத்த பெரியவரின் முகம் வாடிவிட்டது. "தவறு எங்களுடையது, ஹஜ்ரத். இதை எடுத்துச் செல்லச் சொல்கிறேன்" என்று எழுந்தார்.

அதற்குள் கடைக்காரப் பெருமாட்டி அருகில் வந்து என்னைப் பார்த்து, "ஹனஃபி?" என்று ஒரே சொல்லில் கேட்டார். நான் வியப்போடு தலையசைத்தேன். அவர் தாய் மொழியில் கூறியதை ஓர் இளைஞர் மொழிபெயர்த்தார்: "எங்கள் கடைக்கு வரும் பட்டாணியரும் கணவாய் தொடமாட்டார்கள். அவர்களுக்கென்று எப்போதும் மாட்டுவால் சூப் வைத்திருக்கிறேன்." சிறிது நேரத்தில் அந்தச் சூப் என் முன்னால் வந்தது. கூடவே ஒரு புதிய கரண்டியும் வந்தது. தோம் யாம் கிண்ணத்தின் கரண்டி மற்றக் கிண்ணங்களில் படாதவாறு அதை அவரே தள்ளி வைத்தார். ரசக் கிண்ணம் மேசையைவிட்டுப் போகவுமில்லை. நான் மேசையைவிட்டு எழ நேரவுமில்லை.

வாசகர்களே, அந்தச் சூப்பை உண்டுகொண்டிருந்தபோது என் நெஞ்சில் வேறொரு காட்சி எழுந்தது.

ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் மதரஸாவில் கடற்கரையூர் மாணவன் ஒருவன் சேர்ந்திருந்தான். பெருநாள் விடுமுறை முடிந்து திரும்பியபோது, அவனுடைய தாய் ஒரு தூக்குச்சட்டியில் கணவாய் வறுவல் கொடுத்தனுப்பியிருந்தார். மற்ற மாணவர்கள் மூக்கைப் பொத்திச் சிரித்தார்கள். அவர்களைக் கண்டிக்க வேண்டிய நான், அவனை நோக்கி, "இதை வராந்தாவில் போய்ச் சாப்பிடு" என்று கூறினேன். குரலை உயர்த்தவில்லை, ஏசவுமில்லை. சட்டத்தைத்தான் சொன்னேன் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அவன் வராந்தாவில் சுவரைப் பார்த்து அமர்ந்து உண்டான். அடுத்த விடுமுறைக்கு ஊர் சென்றவன் திரும்பி வரவேயில்லை.

அதே ஆண்டில், அதே மாணவர்களுக்கு, உடும்புக்கறி பற்றிய ஹதீஸை நான் பாடம் நடத்தியிருக்கிறேன். நபி (ஸல்) அவர்களின் முன்னால் அக்கறி வைக்கப்பட்டபோது, தம் சமூகத்தார் வாழும் பகுதியில் அது இல்லாததால் தமக்கு விருப்பமில்லை என்று அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். காலித் பின் வலீத் (ரலி) அவர்களோ, நபி (ஸல்) அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அதே இடத்தில் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. அதிலிருந்து பெறப்படும் சட்டங்களை ஒன்று, இரண்டு என எண்ணிக் கூறிய எனக்கு, உண்ணாதவரும் உண்டவரும் ஒரே விரிப்பில் அமர்ந்திருந்தார்கள் என்னும் செய்தி மட்டும் கண்ணில் படவில்லை. பாங்காக் நகரின் ஒரு சந்தில், அரபி இலக்கணம் படித்திராத ஒரு பெருமாட்டி ஒரு கரண்டியைத் தள்ளி வைத்து எனக்கு அதை விளங்கவைத்தார்.

நான் கணவாயை உண்ணவில்லை, இனியும் உண்ணப்போவதில்லை. மத்ஹபைப் பேணுவது வேறு. மனிதனை வராந்தாவுக்கு அனுப்புவது வேறு. முன்னது மார்க்கம்; பின்னது என் அகந்தை.

ஊர் திரும்பியதும் மதரஸாவின் பழைய பதிவேட்டைப் புரட்டி, அம்மாணவனின் முகவரிக்குக் கடிதம் எழுதினேன். இதுவரை பதில் இல்லை. இந்த இதழ் கடற்கரையூர்களிலும் படிக்கப்படுகிறது. ஆதலால் இங்கேயே கூறுகிறேன்: தம்பி, அன்று வராந்தாவில் உன்னருகே நான் வந்து அமர்ந்திருக்க வேண்டும். அல்லாஹ்வுக்காக என்னை மன்னித்துவிடு.

உங்கள் இல்லங்களிலும் திருமண விருந்துகளிலும் பிற மத்ஹபைச் சார்ந்த விருந்தினர் வரக்கூடும். அவர் எதை உண்பார், எதைத் தவிர்ப்பார் என்று முன்கூட்டியே கேட்டறியுங்கள். இன்னொரு கிண்ணமும் இன்னொரு கரண்டியும் வைப்பது பெரிய காரியமன்று. விருந்தினரின் உள்ளம் நோகாமல் விருந்தளிக்கும் நற்பண்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.