தீவுகளுக்குப் புயல் எச்சரிக்கை!

ஹவாய்த் தீவுகளுக்குப் போய்விட்டு வந்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் ஒரு பெருமூச்சு விடுகிறார்கள். பிறகு, "பூமாலை போட்டு வரவேற்றார்களா? ஹூலா நடனம் பார்த்தீர்களா?" என்று விசாரிக்கிறார்கள். மாலையும் உண்டு, நடனமும் உண்டு, வாஸ்தவந்தான். ஆனால் அங்கே குடித்தனம் நடத்துகிற பெண்களிடம் நாலு வார்த்தை பேசிப் பாருங்கள். அவர்கள் பேச்சு பூவில் ஆரம்பிப்பதில்லை, காற்றில் ஆரம்பிக்கிறது.

பசிபிக் சமுத்திரத்தின் நடுவில், அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 2,400 மைல் தூரத்தில், வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கோத்த மணிகளைப் போலக் கிடக்கின்றன இந்தத் தீவுகள். பெரியவை எட்டு. எல்லாம் கடலடியிலிருந்து கிளம்பிய எரிமலைகள். 1959ஆம் வருஷத்திலிருந்து அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலம்.

இந்தத் தூரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வானிலை அறிக்கையைக் கேட்டால்தான் அதன் கனம் தெரியும். நம் கடற்கரை ஊர்களில் புயல் வருகிறது என்றால், குழந்தைகளையும் மூட்டை முடிச்சையும் தூக்கிக்கொண்டு உள்நாட்டுக்குப் பஸ் ஏறிவிடலாம். கவாய் என்று ஒரு தீவு இருக்கிறது. (ஹவாயில் கவாய்! பெயரே எதுகை மோனையோடு இருக்கிறதல்லவா?) அதில் எந்தத் திசையில் கிளம்பினாலும் முப்பது, முப்பத்தைந்து மைலுக்குள் மறுபடி கடல் வந்துவிடும். அங்கே இருப்பவள் எங்கே போவாள்?

மலைக்கு எந்தப் பக்கம்?

நான் தங்கியிருந்தது ஹொனலூலு நகரத்தில், மனோவா என்ற பள்ளத்தாக்கில். வீட்டுக்கார அம்மாள் ஜப்பானிய வம்சத்தில் வந்தவர். எழுபது வயசைத் தாண்டியவர். அந்தத் தீவுகளில் வயதான பெண்மணி யாராயிருந்தாலும், உறவோ இல்லையோ, 'ஆன்டி'தான். நாம் 'மாமி' என்கிறோமே, அது மாதிரி. இரண்டாம் நாளே எனக்கும் அவர் ஆன்டியாகிவிட்டார்.

ஒரு நாள் ராத்திரி தொலைக்காட்சியில், "தீவுகளுக்குப் புயல் மழை எதிர்பார்க்கப்படுகிறது" என்று அறிவித்தார்கள். ஆன்டி ஓர் அதட்டல் போட்டார்: "எந்தத் தீவுக்கு? தீவில் எந்தப் பக்கத்துக்கு? முதலில் அதைச் சொல்லட்டும்!"

அந்த அதட்டலில் ஹவாயின் பூகோளம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அங்கே வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் வடகிழக்கிலிருந்துதான் காற்று வீசுகிறது. அந்தக் காற்றை நம்பித்தான் பழைய நாளில் பாய்மரக் கப்பல்கள் வியாபாரத்துக்குப் போய் வந்தன. கடல் ஈரத்தைச் சுமந்து வரும் காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது, குளிர்கிறது, பாரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது வெறுங்கையோடு இறங்குகிறது.

கவாய் தீவின் நடுவில் வாயலேயலே என்று ஒரு மலை. அதன் உச்சியில் ஆண்டுக்குச் சுமார் 400 அங்குல மழை பெய்கிறது. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைப்பது 55 அங்குலம். அப்படி ஏழு வருஷத்து மழையை அந்த மலை ஒரே வருஷத்தில் குடித்துவிடுகிறது! அங்கிருந்து பதினைந்து மைல் மேற்கே கடலோரத்துக்கு வாருங்கள்; 20 அங்குலம் பெய்தால் பெரிய காரியம். ஹொனலூலுவிலும் இதே கதைதான். வைக்கீக்கி கடற்கரையில் வெயில் காய்கிறவர்கள் நாலைந்து மைல் தள்ளி மனோவாப் பள்ளத்தாக்கின் தலைமாட்டுக்கு வந்தால் குடை இல்லாமல் நடக்க முடியாது.

ஆகவேதான் அந்த ஊரில் வழி சொல்லும்போது வடக்கு, தெற்கு என்று சொல்வது குறைவு. 'மௌகா' என்றால் மலைப் பக்கம். 'மகாய்' என்றால் கடல் பக்கம். ஹவாய் மொழியில் மழைக்கு இருநூறுக்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு. எங்கள் மனோவாவின் மழைக்குத் 'துவாஹினே' என்று பெயர். ஹீலோ ஊரின் மழைக்குக் 'கனிலெஹுவா'. மழையின் பெயரைச் சொன்னால் ஊர் எது என்று தெரிந்துகொள்ளலாம்.

குளிர்காலத்தில் சில நாள் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும். தீவுகளுக்கு வடமேற்கே காற்றழுத்தம் குறைந்தால், காற்று தெற்கிலிருந்து திரும்பி வீசும். 'கோனா' என்றால் காற்று மறைவான பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து வருவதால் அதற்குக் கோனாப் புயல் என்று பெயர். 2021 டிசம்பரில் அப்படி ஒன்று வந்தது. வழக்கமாக உலர்ந்து கிடக்கும் ஹொனலூலுத் தெருக்களில் வெள்ளம். அதே வாரத்தில் பெரிய தீவின் மௌனாக்கியா சிகரத்துக்குப் பனிப்புயல் எச்சரிக்கை! கீழே தென்னை மரம், மேலே 13,800 அடி உயரத்தில் உறைபனி. அதனால் ஆன்டி கேட்கிற இரண்டாவது கேள்வி, "காற்று திரும்பிவிட்டதா?" என்பது.

இனிக்கி வந்த நாள்

அந்தச் சமுத்திரத்தில் சுழன்று வரும் பெரும்புயலுக்கு ஹரிகேன் என்று பெயர். நம் வீடுகளில் இருந்த ஹரிகேன் விளக்கு, காற்றுக்கு அணையாது என்பதால்தான் அந்தப் பட்டத்தைப் பெற்றது. ஜூன் முதல் தேதியிலிருந்து நவம்பர் கடைசி வரை அதன் காலம். மத்திய பசிபிக்கில் சிறிதும் பெரிதுமாகச் சுழல் புயல்கள் சராசரியாக ஆண்டுக்கு நாலைந்து வருகின்றன. ஆனால் அந்த மகா சமுத்திரத்தில் தீவுகள் கடுகளவு. தவிர, அவற்றை நெருங்கும்போது கடல் நீர் சற்றுக் குளிர்ந்தும், மேல்காற்று புயலின் தலையைச் சாய்ப்பதாகவும் இருக்கும். பெரும்பாலான புயல்கள் விலகியோ மெலிந்தோ போய்விடும்.

1992இல் ஒன்று விலகவில்லை. அதன் பெயர் இனிக்கி. ஹவாய் மொழியில் 'ஊடுருவிக் குத்தும் காற்று' என்று அர்த்தம். தீவுகளுக்குத் தெற்கே கடலோடு மேற்காகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று வடக்கே திரும்பியது. எச்சரிக்கை சொல்லி ஒரு நாள் ஆகவில்லை. செப்டம்பர் 11ஆம் தேதி, வெள்ளிக்கிழமை பிற்பகல், மணிக்கு 145 மைல் வேகத்தில் கவாய் தீவின்மேல் ஏறியது. அப்போது 'ஜுராசிக் பார்க்' படம் எடுப்பதற்காக டைரக்டர் ஸ்பீல்பெர்க்கும் அவருடைய குழுவினரும் அங்கே இருந்தார்கள். ஹோட்டல் மண்டபத்தில் எல்லாரோடும் சேர்ந்து அவர்களும் ஒடுங்கிக் கிடந்தார்கள்.

ஆன்டியின் தங்கை அந்தத் தீவில்தான் இருந்தாராம். "ஸ்நான அறையில் உட்கார்ந்து, மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தாள். இரைச்சல் நின்றதும் அண்ணாந்து பார்த்தால் கூரை இல்லை, வானம் தெரிகிறது" என்றார் ஆன்டி. "இங்கே நான் டெலிபோனைச் சுற்றிச் சுற்றி விரல் தேய்ந்தது. அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிய நாலு நாளாயிற்று."

1,400க்கு மேற்பட்ட வீடுகள் அடியோடு போயின. நான்கு வாரம் கழித்தும் தீவில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் மின்சாரம் திரும்பியிருந்தது. கோழிக் கூண்டுகளும் பறந்தன. இன்றைக்குக் கவாயில் கடைத்தெரு, விமான நிலையம் எங்கே பார்த்தாலும் கோழிகள் சுதந்திரமாக மேய்வதற்கு அந்தப் புயல்தான் காரணம் என்று ஊரார் சொல்லுகிறார்கள்.

பெயர் வைத்த புயல்தான் கெடுதல் செய்யும் என்பதில்லை. 2018 ஏப்ரலில் அதே கவாயின் வடகரையில், பெயர் இல்லாத ஒரு மழை, 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 50 அங்குலம் கொட்டியது. அமெரிக்காவிலேயே ஒரு நாள் மழையில் அதுதான் உச்சம். மலை சரிந்து சாலை மூடி, பொதுமக்களுக்கு மறுபடி திறக்க ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

வராத புயல்

புயல் வந்தால் கஷ்டம். வராவிட்டால் இன்னொரு கஷ்டம். 2018 ஆகஸ்டில் லேன் என்ற ஹரிகேன், உச்ச பலத்தோடு தீவுகளை நோக்கி வந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். வைக்கீக்கிக் கடைகளின் கண்ணாடிகளுக்குப் பலகை அடித்தார்கள். மேல்காற்று புயலைச் சிதைத்தது. அது மேற்கே திரும்பிப் போயிற்று. ஹொனலூலுவில் பலர், "இதற்குத்தானா இத்தனை அமர்க்களம்?" என்று சிரித்தார்கள். ஆனால் அதே லேன், பெரிய தீவின் கிழக்குப் பக்கத்தில் 50 அங்குலத்துக்கு மேல் மழையைக் கொட்டிவிட்டுத்தான் போயிற்று!

தொலைக்காட்சியில் புயல் பாதையைக் காட்ட ஒரு கூம்பு வரைகிறார்கள் அல்லவா? புயலின் நடுப்புள்ளி எங்கெங்கே போகக்கூடும் என்பதை மாத்திரந்தான் அது காட்டும். மழையும் காற்றும் அந்தக் கோட்டுக்குக் கட்டுப்பட்டவை அல்ல.

இதை மௌயி தீவு 2023இல் கண்ணீரோடு தெரிந்துகொண்டது. டோரா என்ற ஹரிகேன் பல நூறு மைல் தெற்கே கடலோடு போய்விட்டது. தீவில் மழைத்துளிகூட இல்லை. ஆனால் வடக்கே அழுத்தம் அதிகம், தெற்கே குறைவு. நடுவில் அகப்பட்ட காற்று மலையிலிருந்து வறண்டு கீழே பாய்ந்தது. பலத்த காற்று, தீ அபாயம் என்று வானிலைக்காரர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஆகஸ்டு 8ஆம் தேதி, அறுந்த மின்கம்பியிலிருந்து பிடித்த தீ லஹைனா நகரத்தைச் சாம்பலாக்கிவிட்டது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அபாயச் சங்கு ஊதவில்லை. இந்தியாவிலிருந்து வந்து 1873இல் நட்ட ஓர் ஆலமரம் அந்த ஊரின் நடுவே இருக்கிறது. அதுவும் கருகியது. சில வாரங்களில் அதன் கிளைகளில் புதுத் தளிர் கண்டபோது, வீடு இழந்த ஜனங்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம்.

ஆன்டியின் அலமாரி

ஆன்டியின் சமையலறையில் ஓர் அலமாரி எப்போதும் நிறைந்திருக்கும். அரிசி மூட்டை, டின்னில் அடைத்த இறைச்சி, தண்ணீர் கேன்கள், பாட்டரி ரேடியோ, மருந்துப் பெட்டி, பத்திரங்கள் வைத்த நீர் புகாத உறை. பதினான்கு நாளைக்கு வேண்டியதை வைத்துக்கொள்ளும்படி அரசாங்கமே சொல்லுகிறது. தீவுகளில் சாப்பிடுவதில் பத்தில் எட்டு பங்குக்கு மேல் கப்பலில் வருவது. எல்லாம் முதலில் ஹொனலூலுத் துறைமுகத்தில் இறங்கி, பிறகே மற்றத் தீவுகளுக்குப் போகும். அந்த ஒரு துறைமுகம் அடைபட்டால் என்ன ஆகும் என்பது 1949இல் தெரிந்தது. துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஏறக்குறைய ஆறு மாதம் நடந்தது. ஆன்டியின் தாயார் அரிசியைப் பிடி பிடியாக எண்ணிப் போட்டாராம். அலமாரியை நிரப்பும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

இனிக்கிக்குப் பிறகு கட்டட விதிகளையும் இறுக்கினார்கள். கூரைச் சட்டத்தைச் சுவரோடு பிணைக்கும் சின்ன இரும்புத் தகடு ஒன்று. விலை அற்பம், ஆனால் கூரை குடையைப் போலப் பறக்காமல் காப்பது அதுதான். மாதத்தின் முதல் வேலை நாளன்று பகல் 11.45 மணிக்குத் தீவெங்கும் அபாயச் சங்கை ஊதிச் சோதிக்கிறார்கள். இப்போது விமானங்கள் புயலின் கண்ணுக்குள்ளேயே பறந்து அளந்து வருகின்றன. அன்று இனிக்கிக்குக் கிடைத்தது ஒரு நாள்; இன்று பல நாள் கிடைக்கிறது. அந்த நாட்களை என்ன செய்கிறோம் என்பது வீட்டுக்காரியின் கையில்.

"லேன் வரவில்லையே, வாங்கிய சாமான் எல்லாம் வீண்தானே?" என்று ஆன்டியைக் கேட்டேன்.

அவர் அரிசி களைந்துகொண்டே சொன்னார்: "வீணா? இரண்டு மாதம் அதைத்தான் சாப்பிட்டோம். பிறகு மறுபடி வாங்கி வைத்தேன்."

வானிலை அறிக்கை ஜோசியம் அல்ல, பலித்ததா பலிக்கவில்லையா என்று கணக்குப் பார்க்க. தப்பி ஓட இடம் இல்லாதவர்களுக்கு அது கொடுக்கும் அவகாசம் ஒன்றுதான் லாபம். ஹவாய்க்குப் போகிற பாக்கியம் உங்களுக்குக் கிட்டினால், பூமாலையைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே, தங்கப்போகும் இடம் மலைக்கு எந்தப் பக்கம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.