ஒழுகாமல் குறைந்த கூலன்ட்
எங்கள் டீசல் பிக்கப்பில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போய் வந்தால் கூலன்ட் குறைந்திருக்கும். கீழே ஒரு சொட்டு ஒழுகல் இருக்காது. நானும் போர் தண்ணீரை ஊற்றியே ஓட்டினேன்.

ஒருநாள் வெள்ளைப் புகை வந்தது. வெப்ப முள் சிவப்பைத் தொட்டது. 'சந்தை பக்கம்தானே' என்று நிறுத்தாமல் போனேன். நடுவழியில் இன்ஜின் நின்றது. வேறு வண்டி பிடித்துப் போவதற்குள் ஏலம் முடிந்து, தக்காளி பாதி விலைக்குப் போனது.

மெக்கானிக் ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது. ஹெட் கேஸ்கட் போய், தண்ணீர் கலந்துவிட்டது. ரேடியேட்டருக்குள் உப்பு படிந்திருந்தது. சூட்டில் ஹெட்டும் வளைந்துவிட்டது.

இப்போது காலையில் வண்டியை எடுக்கும் முன்பே கூலன்ட் அளவையும் ஆயிலையும் பார்த்துவிடுகிறேன். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஒழுகல் இல்லாமல் கூலன்ட் குறைந்தால், ஊற்றி ஓட்டாமல் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.