ஒனக்குச் சொன்னா புரியாதும்மா!

மலருக்கு ஏதாவது எழுது என்றதும் கவிதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. அதனால் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் போன சுற்றுலாவை எழுதுகிறேன். ஊட்டி, கொடைக்கானல் அல்ல. நம் நெல்லையிலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டரில் இருக்கும் கூந்தன்குளம். போனது இரண்டே பேர். நானும் அம்மாவும்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனாருக்குக் கையாள். அம்மா பீடி சுற்றுகிறாள். பாலிடெக்னிக்கில் சேர்ந்தபின் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. அம்மா படிப்பைப் பற்றி எது கேட்டாலும், "ஒனக்குச் சொன்னா புரியாதும்மா" என்று முடித்துவிடுவேன்.

லீவில் ஒரு சர்வேயரிடம் ஸ்டாஃப் பிடித்த கூலி கையில் இருந்தது. மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. "பறவை பாக்கப் போவோம்மா" என்றேன். "கொக்கு பாக்கவா காசு குடுத்துப் போவாவ?" என்று சிரித்தாள். பிறகு, "பீடி இலையக் கொண்டாறட்டுமா? ஒக்காந்த எடத்துல வெட்டலாம்லா" என்றாள். தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, தூக்குச்சட்டியில் புளிச்சோற்றோடு கிளம்பினோம்.

மூலைக்கரைப்பட்டி தாண்டியதும் பஸ் ஜன்னலில் அனல் அடித்தது. உடைமரம், பனை, பொட்டல்காடு. "படத்துல காட்டுவானே பாலைவனம், அது இப்பிடித்தான் இருக்குமோ?" என்றாள் அம்மா. அந்தப் பொட்டலுக்கு நடுவே திடீரென்று கடல் மாதிரித் தண்ணீர்! குளத்துக்குள் நிற்கிற கருவேல மரங்களில் இலை தெரியவில்லை, பறவைதான் தெரிந்தது. மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், கூழைக்கடா. தூரத்தில் ரோஸ் கலரில் ஒரு கோடு. பூநாரைகளாம். இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துக்கூட இங்கே வரும். ஊருக்குள்ளும் வீட்டுக்கொல்லை மரங்களில் கூடுகள்.

ஒரு கூழைக்கடாக் குஞ்சு தாயின் வாய்ப்பைக்குள் தலையையே விட்டு மீனைத் தேடியது. "அடப் பாவி, அம்மையவே முழுங்கிருவான் போலிருக்கே!" என்று அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அப்புறம்தான் கேட்டாள்: "எய்யா, இங்க மழையே காங்கல. கொளத்துல எப்பிடித் தண்ணி கெடக்கு?"

படிப்பது சிவில். தெரியவில்லை! 'ஒனக்குச் சொன்னா...' என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "தெரியலம்மா" என்றேன்.

பக்கத்தில் நின்ற பெரியவர் சொன்னார்: "மலையில பெஞ்சாப் போதும் தம்பி. மணிமுத்தாறு அணையில தேக்கி, கால்வாய் வழியா இங்க வந்துரும்." 1994-ல் இந்தக் குளத்தைச் சரணாலயமாக அறிவித்தார்கள். பின்னர் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் அதற்கெல்லாம் முந்தியே இந்த ஊர்க்காரர்கள் பறவைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் கொடுத்து வளர்க்கிறார்கள். "பிள்ளைய வெடி கேட்டு அழாதா?" என்றாள் அம்மா. "விருந்தாளி வந்த வீட்டுல வெடி போடுவமா தாயி? அதுக எச்சம் கலந்த தண்ணிதான் எங்க வயலுக்கு உரம்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா விடவில்லை. "அம்புட்டுத் தூரம் மோட்டார் இல்லாம தண்ணி எப்பிடிய்யா வருது?"

இது எனக்குத் தெரியும்! டிக்கெட்டின் பின்பக்கம் கோடு போட்டேன். லெவல் எடுப்பது, பெட் ஸ்லோப், இத்தனை மீட்டருக்கு இத்தனை இறக்கம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்:

"வாட்டம் விடுததச் சொல்லுத. தட்டோட்டிக்கு ஒங்கப்பா விடுவாவளே, அதான?"

அதேதான்! ஒரு செமஸ்டர் பாடம், ஒரே வார்த்தை.

நண்பர்களே, அன்றிலிருந்து அந்தப் பழைய வாக்கியத்தை நான் சொல்வதில்லை. அம்மாவுக்குப் புரியவில்லை என்றால் எனக்கே சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம். இப்போது பரீட்சைக்கு முந்தின நாள் பீடித் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து பாடத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் சொல்லிப் பாருங்களேன்!

— மூன்றாமாண்டு, சிவில்