அன்ரியின் செவ்வாய்க்கிழமை

கொழும்பு வெள்ளவத்தையில் நான் தங்கியிருந்த வீட்டு அன்ரி சைவக்காரர். மயூரபதி அம்மனுக்கு வெள்ளிக்கிழமை, கொச்சிக்கடை அந்தோனியாருக்குச் செவ்வாய். "வாங்கோ தம்பி, ஒருக்கால் கும்பிட்டிட்டு வருவம்" என்றார்.

எனக்கோ கத்தோலிக்கக் கோயில்களின் பரோக் கலை என்றாலே ஒரு கசப்பு. பொன்முலாம் பீடம், முறுக்கிய தூண், கண்ணீர் வடிக்கும் சுரூபம். சீர்திருத்தக்காரர்களிடம் ஆட்களை இழந்த ரோமாபுரி, கண் வழியாக நெஞ்சைப் பிடிக்கச் செய்த ஏற்பாடு. அரசர்களுக்கும் அது பிடித்துப்போனது. அதைத்தான் போர்த்துக்கேயர் கோவாவில் வானளாவக் கட்டினார்கள். இங்கே அவர்களை அண்டியிருந்த கோட்டை அரசன் தர்மபாலன் 1557இல் ஞானஸ்நானம் பெற்றான். 1580இல் நாட்டையே போர்த்துக்கல் அரசருக்கு எழுதிவைத்தான்.

அதனால் வீம்புக்கு அன்ரியை முதலில் வோல்வெந்தால் ஆலயத்துக்கு அழைத்துப்போனேன். ஒல்லாந்தர் 1757இல் திறந்த புரட்டஸ்தாந்துக் கோயில். சுரூபமே இல்லை, வெறும் சுவர். நிம்மதியாக இருந்தது, தரையைப் பார்க்கும்வரை. கல்லறைக் கற்களில் ஆளுநர்களின் குலச்சின்னங்களை அப்படி இழைத்திருந்தார்கள். புனிதர்களை வெளியேற்றிவிட்டு ஒல்லாந்தக் கம்பனித் துரைமார் குடியேறிவிட்டார்கள்.

அந்தோனியார் கோயிலில் ஒரே மெழுகு வாசம். கத்தோலிக்கம் தடைப்பட்டிருந்த ஒல்லாந்தர் காலத்தில் ஒரு பாதிரியார் இங்கே மீனவர்களிடையே ஒளிந்து வாழ்ந்ததாகச் சொல்கிறார்கள். சுரூபம் 1822இல் கோவாவிலிருந்து வந்ததாம். அதன் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். இதெல்லாம் மயக்கும் வித்தை என்று நான் தொடங்கினேன்.

"உங்கட தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை ராசா சும்மாவே கட்டினவர்?" என்றார் அன்ரி.

வாயடைத்துப்போனேன். தான் கொடுத்ததையும் அக்கா குந்தவை கொடுத்ததையும் ஒன்று விடாமல் கல்லில் வெட்டவைத்தவன் ராஜராஜன். அந்த எழுத்துகளைத் தடவித் தடவிப் பூரித்தவன் நான்.

அந்தோனியார் கோயில் வளாகத்திலும் கல்லில் பெயர்கள் இருக்கின்றன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டுவெடித்துச் செத்தவர்களுடையவை. அங்கே அன்ரி என்னோடு பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

இரவு இடியப்பமும் சொதியும். செவ்வாய்க்கிழமை அவர் மச்சம் தொடமாட்டாராம். முருகனுக்காகவா, அந்தோனியாருக்காகவா என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமைக்கு" என்று இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தார்.