இறுகிப்போன குழாய்

கடலோர ஊரில் குசினியைப் புதுப்பிப்பவர்களுக்குப் பழையதைக் கழற்றுவதே பெரும்பாடு. உப்புக்காற்றில் இரும்பு துருவேறும். துரு ஊதி, திருகாணியை இன்னும் இறுக்கிவிடும். எங்கள் புத்தளம் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பும் அதிகம்.

எங்கள் வீட்டுக்கு வந்த பாஸ், “ராத்தா, சொவர ஒடச்சாத்தான் சரிவரும்” என்றார். நோன்புக்கோ பத்து நாட்களே இருந்தன. சஹருக்குத் தண்ணீரில்லாத குசினியை எண்ணிப் பாருங்கள்! நான் சம்மதிக்கவில்லை.

தாங்கியின் வால்வை மூடிவிட்டு, வினாகிரியில் நனைத்த துணியைக் குழாய் மூட்டில் சுற்றி இரவு முழுக்க விட்டேன். (பிளீச்சை மட்டும் அதோடு சேர்த்துவிடாதீர்கள், நச்சுவாயு கிளம்பும்.) காலையில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, நேரம் கொடுத்து, சுத்தியலால் மெல்லத் தட்டினோம். அந்த அதிர்வில்தான் எண்ணெய் புரிக்குள் இறங்குகிறது. பிறகு இறுக்கும் பக்கமாகச் சற்றே திருப்பி, அதன்பின்பே கழற்றும் பக்கம். சுவர்ப்பக்கக் குழாயை மகன் இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டான். பிடிக்காவிட்டால் சுவருக்குள்ளேயே முறுகி உடைந்துவிடும்.

சிங்க்கின் அடியில் நான்கு திருகாணிகள். மூன்று கழன்றன. நான்காவதின் தலை தேய்ந்திருந்ததால் வாள் பிளேட்டால் அறுத்தோம். எல்லாவற்றோடும் மல்லுக்கட்ட வேண்டுமா என்ன?

அல்ஹம்துலில்லாஹ், ளுஹருக்கு முன் குழாய் கையோடு வந்தது. சுவரில் ஒரு கீறலுமில்லை. “பழைய பித்தளை, நல்ல விலை போகும்” என்றார் பாஸ். கொடுக்கவில்லை, வொஷர் மாற்றிக் கிணற்றடியில் பூட்டச் சொல்லியிருக்கிறேன்.