ஏணியில் நிற்பவர் கேட்பது

சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் எட்டாத தெரு குறைவு. நான் போன வீட்டில் முன்கட்டு குடியிருப்பு, பின்கட்டு விசைத்தறி. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வயரிங் மாற்றும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சுவிட்சு, சாக்கெட், ஹோல்டர், ஃபேன் மாட்டும் கொக்கி என்று சுவரிலும் கூரையிலும் இருக்கும் சாமான்களை இன்னும் ஆபத்தில்லாமல், இன்னும் லேசாக மாட்டும்படி செய்ய முடியாதா என்பது என் நெடுநாள் கேள்வி. தினமும் அவற்றை மாட்டுகிறவர்களைவிட இதற்குப் பதில் தெரிந்தவர்கள் யார்? வயர்மேன் அண்ணாச்சியின் ஏணிக்குக் கீழே போய் நின்றேன்.

பழைய போர்டைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார். தேக்குப் பெட்டி, மேலே ஹைலம் சீட்டு. ஒவ்வொரு சுவிட்சுக்கும் சீட்டில் ஓட்டை போட்டு, ஹேக்சா பிளேடால் அறுத்து, அரம் வைத்துத் தேய்த்துச் செய்த கைவேலை அது. இப்போதைய மாடுலர் பிளேட்டில் சுவிட்சை அழுத்தினால் போதும், ‘கிளிக்’ என்று உட்கார்ந்துவிடும். போர்டைத் திருப்பிக் காட்டினார். பதினாறு ஆம்பியர் சாக்கெட்டின் பின்புறம் ஒரே ஒரு முனை மட்டும் கருகியிருந்தது. சிவப்பு வயரின் உறை பழுப்பேறி, விறைத்து, விரலால் அழுத்தியதும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பக்கத்து முனைக்கு ஒன்றும் இல்லை. கருகிய முனையின் ஸ்குருவில் டிரைவரை வைத்துத் தொட்டார், முறுக்காமலே சுற்றியது.

“இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தறி ஓடுது சார். நாள் பூரா அதிருது. நான் எவ்வளவு டைட் வச்சுட்டுப் போனாலும் கொஞ்ச வருஷத்துல தளர்ந்துரும்.”

தளர்ந்த இணைப்பில் செம்பும் பித்தளையும் தொடுகிற இடம் சுருங்கிவிடுகிறது. அங்கே மின்தடை கூடுகிறது. மொபைல் சார்ஜர் போட்டால் ஒன்றும் தெரியாது. ஹீட்டரோ அயர்ன்பாக்ஸோ ஓடும்போது முனை சுடும், சூட்டில் செம்பு ஆக்சைடாகும், தடை இன்னும் கூடும், இன்னும் சுடும். ஓடுகிற ஆம்பியர் அளவுக்குள்தான் இருப்பதால், அளவு மீறினால் மட்டும் விழும் எம்சிபி இதைக் கண்டுகொள்வதே இல்லை. வீட்டுக்காரருக்குத் தெரியவரும்போது கருகல் வாடை வந்திருக்கும். பின்கட்டில் பஞ்சுத் தூசி பறக்கிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

மெல்லிய செம்பு இழைகள் சேர்ந்த வயரில் தொல்லை இன்னும் அதிகம். ஸ்குருவின் முனை நேராக இழைகள் மீது இறங்கிச் சிலவற்றை அறுத்துவிடும், சில இழைகள் ஒதுங்கி வெளியே நிற்கும். அண்ணாச்சி வயரின் நுனியைச் சீவி, முறுக்கி, இரண்டாக மடித்து உள்ளே கொடுக்கிறார். ஸ்குருவை இறுக்கியபின் வயரை ஒரு இழு இழுத்துப் பார்க்கிறார். அந்த ஒரு இழுப்பில்தான் அந்த வீட்டின் பாதுகாப்பு இருக்கிறது. ஒரு வீட்டில் இப்படி எத்தனை நூறு முனைகள்! சாயங்காலம் கை ஓய்ந்த நேரத்தில் ஒன்றில் அந்த இழுப்பு விட்டுப்போனால்?

இதற்குத் தீர்வு உலகத்தில் எப்போதோ வந்துவிட்டது. ஜெர்மனியின் வாகோ நிறுவனம் 1951இல் தொடங்கப்பட்டதே ஸ்பிரிங் முனைகளைச் செய்வதற்காகத்தான். 1977இல் அது கொண்டுவந்த ஸ்பிரிங் பிடி, வயரை ஒரே அழுத்தத்தில் கவ்விக்கொண்டே இருக்கும்; அதிர்வில் வயர் கொஞ்சம் நகர்ந்தாலும் ஸ்பிரிங்கும் கூடவே நகரும். நாள் முழுக்கக் குலுங்குகிற ரயில் பெட்டிகளில் இந்த வகை முனைகள் வேலை செய்கின்றன. அண்ணாச்சியின் பையிலும் நெம்புகோல் வைத்த சின்னக் கனெக்டர்கள் கொஞ்சம் இருந்தன. வாயைத் திறந்து வயரை வைத்து மூடினால் தீர்ந்தது. “நல்ல சாமான்தான். ஆனா ஸ்குரு கனெக்டர் விலை என்ன, இது விலை என்ன? வீட்டுக்காரங்க எஸ்டிமேட்டுல முதல்ல வெட்டுதது இதைத்தான்.” தனிக் கனெக்டராக வாங்கினால்தான் அது செலவாகக் கண்ணில் படும். சாக்கெட்டுக்குள்ளேயே ஸ்பிரிங் முனை வைத்து விற்றால் வெட்டுவதற்கு வழியில்லை. தறி ஓடுகிற ஊர்களுக்கு அப்படிப்பட்ட சாக்கெட்தான் வர வேண்டும் என்பது என் கட்சி.

நல்ல வடிவமைப்பு என்றால் என்ன என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று சுவிட்சின் சரித்திரத்தில் இருக்கிறது. ஆரம்பத்தில் சுவிட்சை மெதுவாகத் திருப்பினால் தொடர்பு பிரியும் இடத்தில் பொறி நீண்டு எரிந்து உலோகத்தைத் தின்றுவிடும். இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884இல் ஒரு வழி கண்டார். கை எவ்வளவு நிதானமாக இயக்கினாலும் உள்ளே தொடர்பு சட்டென்று பிரியும்படி செய்தார். அதன்பின் சுவிட்சைப் போடுகிறவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. குழந்தை போட்டாலும் பாட்டி போட்டாலும் ஒன்றுதான். இந்தக் கருணை மாட்டுகிறவர் பக்கத்துக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

பயன்படுத்துகிறவர் பக்கம் நாம் எவ்வளவோ முன்னேறியிருக்கிறோம். நம் மூன்று பின் பிளக் பிரிட்டிஷ்காரர்களின் பழைய உருண்டைப் பின் வகையிலிருந்து வந்தது. அவர்கள் 1947இல் ஃபியூஸ் வைத்த செவ்வகப் பின்னுக்குத் தரநிலை வகுத்து மாறத் தொடங்கினார்கள். நாம் உருண்டையிலேயே நின்றுகொண்டோம். இப்போது அதற்கு ஐஎஸ் 1293 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. மேலே இருக்கும் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளம், பருமன். செருகும்போது முதலில் எர்த் சேரும், பிடுங்கும்போது கடைசியில் எர்த் விடும். ஷட்டர் வைத்த சாக்கெட்டில் அந்த நீளப் பின் உள்ளே போனால்தான் கீழ் ஓட்டைகளின் கதவு திறக்கும். அழகான ஏற்பாடு. ஆனால் வீட்டில் நடப்பது என்ன? சார்ஜருக்கு இரண்டு பின்தான். கதவு திறக்காது. எர்த் ஓட்டைக்குள் பேனா மூடியையோ டெஸ்டரையோ செருகிக் கதவைத் திறந்து, சார்ஜரை மாட்டுகிறார்கள். பிளக் இல்லாத வயர் என்றால் உறையைச் சீவி, வெறும் செம்பை ஓட்டையில் விட்டு, தீக்குச்சியால் அடைக்கிறார்கள். வீட்டு அக்காவைக் கேட்டேன். “அவசரத்துக்கு என்ன செய்ய? எல்லாரும் செய்யுததுதானே” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு பின்னும் ஒரே சமயத்தில் சமமாக அழுத்தினால் திறக்கும் ஷட்டர்களும் கடையில் கிடைக்கின்றன. அவற்றை வைத்த வீட்டில் பேனா மூடி தேவைப்படுவதில்லை என்கிறார் அண்ணாச்சி. பாதுகாப்புக்காக வைத்த கதவு அன்றாட வேலையை மறித்தால், அந்தக் கதவை உடைக்க ஜனங்கள் வழி கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஃபேன் மாட்டுவதைப் பார்த்தபோதுதான் அவர் சொன்னதெல்லாம் உடம்பில் உறைத்தது. ஏணியின் மேல்படிக்கு ஒரு படி கீழே நின்று, தலையை அண்ணாந்து, இரண்டு கையையும் மேலே தூக்கியபடி வேலை. முதலில் நாலைந்து கிலோ மோட்டாரை ராடோடு தூக்கிக் கொக்கியில் ரப்பர் புஷ்ஷைச் சேர்க்க வேண்டும். போல்ட்டு, நட்டு, நட்டு கழன்று வராமலிருக்கப் பிளவு பின். பிறகு கப்புக்குள் இருக்கும் சுண்டுவிரல் அகலக் கனெக்டரில் இரண்டு வயர். அந்த ஸ்குரு இரண்டு சுற்று அதிகம் தளர்ந்தால் கையை விட்டு விழும். விழுந்தது. உதவிக்கு இருந்த தம்பி ஃபோன் வெளிச்சத்தில் தரையெல்லாம் தேடினார். மேலே அண்ணாச்சி கையைக் கீழே இறக்காமல் காத்திருந்தார். “பாயிண்டு கணக்குலதான் கூலி சார். ஸ்குரு தேடுத நேரத்துக்கு யாரு குடுப்பா?”

எவ்வளவு தளர்த்தினாலும் கழன்று விழாத ஸ்குருவைச் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எத்தனையோ சாமான்களில் இருக்கிறது. ஃபேன் கனெக்டரில் ஏன் இல்லை? அதை வடிவமைத்தவர் மேஜை மேல் வைத்து, உட்கார்ந்து மாட்டிப் பார்த்திருப்பார். கழுத்து வலிக்கும்போது, வியர்வை கண்ணில் இறங்கும்போது மனிதன் எதை முதலில் கைவிடுவான்? கண்ணுக்குத் தெரியாத பிளவு பின்னைத்தான். கப்பை மேலே தள்ளிவிட்டால் உள்ளே அது இருக்கிறதா இல்லையா என்று யார் பார்க்கப்போகிறார்கள்? மாட்ட லேசாக இருக்கும் சாமானே சரியாக மாட்டப்படும். அதனால் சுலபத்தையும் பாதுகாப்பையும் என்னால் இரண்டாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

உயிரைக் காக்கும் கருவிக்கும் இதே கதிதான். ஆர்சிசிபி என்பது பேஸில் போகிற மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்புகிற மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் வந்தால் யாரோ ஒருவர் உடம்பு வழியாகவும் போகலாம் என்று எடுத்துக்கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டிக்கும். அமெரிக்காவில் சார்லஸ் டால்சீல் என்ற பேராசிரியர், எவ்வளவு மின்சாரம் பாய்ந்தால் பிடித்த கையை மனிதனால் விடுவிக்க முடியாமல் போகிறது என்று ஆராய்ந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குச் சுமார் 10. 1961இல் வீட்டுக்கான காப்புக் கருவியையும் அவர் உருவாக்கினார். நம் வீடுகளில் வைப்பது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியருக்கு விழுவது. மிகச் சீக்கிரம் விழுவதால் இதயத்தைக் காப்பாற்றிவிடும்.

இந்த வீட்டில் அது ஏற்கெனவே இருந்தது. ஆனால் உள்ளே வரும் வயரும் வெளியே போகும் வயரும் நேராக இணைக்கப்பட்டு, கருவி சும்மா பெட்டியில் உட்கார்ந்திருந்தது. காரணம் இன்வெர்ட்டர். அதன் பேஸ் ஒரு வழியாகப் போகிறது. நியூட்ரலோ வீட்டின் மற்ற நியூட்ரல்களோடு கலந்து வேறு வழியாகத் திரும்புகிறது. கருவிக்குக் கணக்கு இடிக்கிறது, விழுகிறது. ராத்திரி ஃபேன் நின்று பிள்ளைகள் அழும்போது கூப்பிட்ட ஆள் வந்து பைபாஸ் செய்துவிட்டுப் போயிருக்கிறார். அண்ணாச்சி இன்வெர்ட்டர் லைனுக்கு டிபி பாக்ஸிலிருந்து தனி நியூட்ரல் இழுத்துக்கொண்டிருந்தார். பாக்ஸில் நியூட்ரல் லிங்க் ஒன்றுதான் இருந்தது. இரண்டாவதை வெளியே வாங்கித் துளை போட்டுப் பொருத்தினார். இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைந்துகொண்டே வரும் ஊரில், நிறம் வேறுபட்ட இரண்டு லிங்கும் மூடிக்குள் ஒட்டிய தமிழ்ப் படமும் பாக்ஸோடு வந்தால் அந்த ராத்திரிப் பைபாஸ்கள் பாதி நின்றுவிடும்.

எர்த் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்துக் கரிசல், ஈரம் இருக்கும்போது மின்சாரத்தை நன்றாக வாங்கும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துவிடும். குழாயைச் சுற்றி மண் விலகிவிடும். இரண்டரை மீட்டர்க் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழி தோண்டும் கூலிக்குப் பயந்து, சாக்கெட்டுக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் இணைத்துவிடுகிறவர்கள் உண்டு. நியூட்ரல் எங்காவது அறுந்தால் கிரைண்டரின் உடம்பெல்லாம் மின்சாரம் நிற்கும். இதைச் சொல்லும்போது அண்ணாச்சியின் குரல் உயர்ந்துவிட்டது.

அவர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். ஒருவருக்கு ஏணி பிடித்துத் தொழில் கற்று, பிறகு தமிழக அரசு நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார். அனுபவத்தையே தகுதியாக வைத்து நடக்கும் தேர்வு அது. தம்பி ஐடிஐ படித்தவர். ஒரு கம்பெனியிலிருந்தும் யாரும் இதுவரை தங்களிடம் வந்து எதையும் கேட்டதில்லை என்று இருவரும் சொன்னார்கள். புது மாடல் வந்தால் கடைக்காரருக்குக் காட்டுவார்கள், அவ்வளவுதான்.

ஒரே ஒரு மாற்றம் கேட்கலாம் என்றால் என்ன கேட்பீர்கள் என்றேன். ஸ்பிரிங் முனை என்றோ விழாத ஸ்குரு என்றோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன். புதுச் சாக்கெட் ஒன்றைத் திருப்பி என் கையில் கொடுத்தார். பேஸ், நியூட்ரல், எர்த் முனைகளின் பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வெள்ளையாகவே புடைத்திருந்தன. ஜன்னல் பக்கம் போய்ச் சாய்த்துப் பிடித்தால்தான் எனக்கே தெரிந்தது. முன்னால் இருந்து பார்த்தால் வலது கைப் பக்கம் பேஸ் வர வேண்டும். பின்னால் இருந்து மாட்டும்போது அது இடது பக்கமாகிவிடும். எழுத்தும் தெரியாவிட்டால் மாறிப்போவதற்கு எவ்வளவு நேரமாகும்? மாறிப்போனால் சாமானிலேயே இருக்கும் சுவிட்சை அணைத்தபிறகும் அதற்குள் மின்சாரம் இருக்கும்.

“வயருக்குச் சிவப்பு, கறுப்பு, பச்சைன்னு கலர் குடுத்திருக்கான்லா? முனைக்கும் அதே கலர்ல ஒரு பொட்டு வைக்கச் சொல்லுங்க சார். நாப்பது வயசுக்கு மேல எங்க எல்லாருக்கும் இந்த எழுத்து தெரியல.”

அதுவரை அவரே வைத்துக்கொள்கிறார். பெட்டியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு சாக்கெட்டிலும் சிவப்பு மார்க்கரால் பேஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் தம்பியிடம் நீட்டுகிறார். தொழிற்சாலையில் அச்சோடு அச்சாக முடிய வேண்டிய வேலை அது.