பின்பக்கம்

பாரிஸ் வீட்டில் மனைவி ஆறு மாதமாகக் கிராஸ் ஸ்டிச்சில் ஒரு கெல்டிக் முடிச்சு போட்டுக்கொண்டிருந்தாள். அங்குலத்துக்கு 14 கட்டம். வளைவுகள் படிக்கட்டாகத்தான் விழும். முன்பக்கம், தொடக்கமும் முடிவுமற்ற ஒற்றை இழை. திருப்பினால் கத்தரித்த நுனிகள்.

ஆகஸ்டில் குடும்பத்தோடு பிரெத்தாஞ் கரையிலுள்ள லோரியானுக்குப் போனோம். 1971-ல் தொடங்கிய கெல்டிக் விழா. ஊர்வலத்தில் பொம்பார்த் என்ற குழல், நாகஸ்வரம்போலவே சீவாளியில் வீறிட்டது. பக்கத்தில் நின்ற கிழவி சொன்னாள்: பள்ளியில் பிரெத்தோன் மொழி பேசியதற்குத் தன் அம்மாவின் கழுத்தில் மரச்செருப்பைத் தொங்கவிட்டார்களாம், அம்மா பிறகு பிள்ளைகளிடம் அதைப் பேசவேயில்லை.

“நீங்கள் ஏன் என்னிடம் தமிழ் பேசவில்லை?” என்று மகள் கேட்டாள், பிரெஞ்சில்.

என் கழுத்தில் யாரும் எதையும் தொங்கவிட்டதில்லை.

இரவு மனைவி நூல்நுனிகளைத் தையலுக்கடியில் செருகிக்கொண்டிருந்தாள். நான் விளக்கைப் பிடித்தேன்.